கழுவாத ரோலில் படம் இருக்கிறதா?

தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் ஃபிலிமை ‘டெவலப்’ செய்வதாக வாடிக்கையாளரிடம் யாரும் அதிகம் சொன்னதில்லை. கழுவினார்கள். “ரோல் கழுவப் போட்டிருக்கு, சாயந்திரம் வாங்க” என்பதுதான் கடை வாசலில் கேட்ட பேச்சு. கல்யாணப் படமும் பள்ளிக்கூட குரூப் போட்டோவும் அப்படிக் கழுவித்தான் வெளியே வந்தன. பாத்திரத்தைக் கழுவினால் பற்று போகும், பாத்திரம் தெரியும். காலைக் கழுவினால் சேறு போகும், கால் தெரியும். கழுவுவது எதையும் புதிதாக உண்டாக்குவதில்லை. உள்ளதன் மேல் படிந்ததை நீக்குகிறது. ஆக, ஸ்டூடியோக்காரரின் அந்த ஒரு சொல்லுக்குள் பெரிய தத்துவத் தீர்ப்பு ஒன்று அடங்கியிருக்கிறது: படம் ஃபிலிமில் முன்பே இருந்தது.

இருந்ததா?

படம் பிடித்து முடித்த கறுப்பு வெள்ளை ரோல் ஒன்றையும், இன்னும் கேமராவில் ஏறாத புது ரோல் ஒன்றையும் எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் அதே மங்கலான பூச்சு. சாதாரண நுண்ணோக்கிக்கும் வித்தியாசம் பிடிபடாது. பார்த்துவிடலாம் என்று வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த நொடியே இரண்டும் பாழ். ஒன்றில் குழந்தையின் முதல் பிறந்தநாள் இருக்கிறது, மற்றதில் ஒன்றுமில்லை என்று படம் எடுத்தவர் அடித்துச் சொல்வார். எங்கே இருக்கிறது, காட்டு என்றால் அவரால் காட்ட முடியாது.

இந்தியத் தத்துவ மரபு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் சளைக்காமல் வாதாடிய கேள்வி இது. காரியம் தோன்றும் முன் காரணத்தில் இருக்கிறதா, இல்லையா? இருக்கிறது என்றது சாங்கியம். எள்ளில் எண்ணெய் இருப்பதால்தான் எள்ளைச் செக்கில் போடுகிறார்கள். மணலை யாரும் ஆட்டுவதில்லை. இல்லாதது ஒருநாளும் உள்ளதாகாது. இதற்குச் சற்காரிய வாதம் என்று பெயர். நியாய வைசேடிகர் இதை ஏற்கவில்லை. குடத்தில் தண்ணீர் மொள்ளலாம், மண்கட்டியில் மொள்ள முடியுமா? நூலுக்குள் துணி முன்பே இருந்தால் நெசவாளிக்கு என்ன வேலை? துணி புதிதாகப் பிறக்கிறது, பிறக்கும் முன் அது இல்லை என்றார்கள். அந்த இல்லாமையையும் ஒரு பொருளாகவே எண்ணி, முன்னபாவம் என்று பெயரிட்டார்கள்.

தமிழ்ச் சைவ சித்தாந்தம் இந்த வழக்கில் சற்காரிய வாதத்தின் பக்கம் நின்றது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் 12 சூத்திரங்களில் இயற்றிய சிவஞானபோதத்தின் முதல் சூத்திரமே, உலகம் எதில் ஒடுங்கியதோ அதிலிருந்தே மீண்டும் தோன்றுகிறது என்ற கருத்தின் மேல் நிற்கிறது. 18ஆம் நூற்றாண்டில் திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் அதற்கு மாபாடியம் எழுதினார். அதே முனிவர்தான் நியாய வைசேடிகத்தின் பால பாடமான தருக்க சங்கிரகத்தையும் தமிழில் தந்தவர். எதிர்க்கட்சியின் நூலைத் தன் கையாலேயே தமிழாக்கிவிட்டு அதனோடு வாதிடுகிற அந்த நேர்மை வணங்கத்தக்கது. சித்தாந்திகள் ஒவ்வொரு காரியத்துக்கும் மூன்று காரணங்கள் சொல்வார்கள். குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரமும் தண்டமும் துணைக்காரணம், குயவர் நிமித்த காரணம்.

இந்தக் குடத்தையும் மண்ணையும் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, அந்த இடத்தில் 36 படம் கொண்ட ஒரு ரோலை வைத்துப் பார்க்கலாம். வீட்டுக் குளியலறையில் முதன்முதலாக ஃபிலிம் கழுவும் ஒருவருக்கு இந்தப் பழைய வழக்கு ஏட்டில் இருப்பதில்லை. கையில் இருக்கிறது.

வேலை இருட்டில் தொடங்குகிறது. முழு இருட்டு, சிவப்பு விளக்குகூட ஆகாது, ஏனென்றால் இன்றைய ஃபிலிம் எல்லா நிறத்துக்கும் கூசும். இருட்டறை இல்லாதவர்கள் கை நுழைக்க இரண்டு குழாய் வைத்துத் தைத்த கறுப்புப் பையை வாங்கிக்கொள்கிறார்கள். அதற்குள் ஃபிலிம் டப்பா, கத்தரிக்கோல், பிளாஸ்டிக் ரீல், மூடியோடு கூடிய டேங்க். டப்பாவின் மூடியைப் பிதுக்கி எடுத்து, ஃபிலிமின் முனையை நேராகக் கத்தரித்து, ரீலின் வாயில் நுழைத்து, ரீலின் இரு பக்கத்தையும் முன்னும் பின்னும் திருப்பவேண்டும். ஒவ்வொரு திருப்பிலும் உள்ளே இருக்கும் சிறு எஃகுக் குண்டு ஃபிலிமைக் கவ்வி ஒரு விரற்கடை இழுத்துக்கொள்ளும். சரியாகப் போனால் மெல்லிய சரசரப்புத்தான் கேட்கும். சிக்கினால் சடக்கென்று ஓர் ஒலி. ஃபிலிம் மடங்கிவிட்டது என்று அர்த்தம். சென்னைப் புழுக்கத்தில் பைக்குள் இருக்கும் கை ஐந்து நிமிடத்தில் வியர்த்துவிடும், ஈரம் பட்ட ரீலில் ஃபிலிம் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் அனுபவப்பட்டவர்கள் வீணான ரோல் ஒன்றை வைத்து, முதலில் வெளிச்சத்திலும் பிறகு கண்ணை மூடிக்கொண்டும் பத்துத் தடவையாவது பழகச் சொல்கிறார்கள். இந்த அறிவுரையைத் தட்டாமல் இருப்பது நல்லது. வீட்டில் கெடும் ரோல்களில் பல ரசாயனத்தில் கெடுவதில்லை, இந்தப் பைக்குள்தான் கெடுகின்றன.

டேங்கின் மூடி இறுகியதும் விளக்கைப் போடலாம். பிறகு எல்லாம் வெளிச்சத்தில், சமையலைப் போல அளவும் நேரமும்தான். டி-76 என்ற டெவலப்பர் 1920களிலிருந்து புழங்குகிறது. ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், ஹைட்ரோகுயினோன் 5 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், போராக்ஸ் 2 கிராம் என்ற அதன் கணக்கு ஊரறிந்தது. இல்ஃபோர்டு நிறுவனத்தின் ஐடி-11 நடைமுறையில் இதன் இரட்டைப் பிறவி. எச்பி5 பிளஸ் ஃபிலிமுக்கு, நீர்க்காத ஐடி-11இல், 20 டிகிரி செல்சியஸில் ஏழரை நிமிடம். முதல் பத்து நொடியில் டேங்கை நான்கு தடவை கவிழ்த்து நிமிர்த்தவேண்டும், பிறகு ஒவ்வொரு நிமிடத்தின் தொடக்கத்திலும் அதேபோல நான்கு தடவை. ஒவ்வொரு முறையும் டேங்கை மேடையில் இலேசாகத் தட்டினால் காற்றுக் குமிழி விலகும். விலகாத குமிழி நெகட்டிவில் வட்டப் புள்ளியாக நிற்கும். நேரம் முடிந்ததும் டெவலப்பரைக் கொட்டிவிட்டு, காடி நெடி அடிக்கும் நிறுத்துக் கரைசலைப் பத்து நொடி ஊற்றவேண்டும். அடுத்து ஃபிக்ஸர், மூன்று முதல் ஐந்து நிமிடம். கடைசியில் நல்ல தண்ணீர்.

20 டிகிரி. சென்னைக் குழாயில் வெயில் காலத்தில் வருவது 30க்கு மேல். டெவலப்பர் ஒரு டிகிரி கூடினால் நேரம் சுமார் பத்தில் ஒரு பங்கு குறையும்; 30 டிகிரியில் மூன்று நிமிடம்கூட மிஞ்சாது. ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் கறுப்பு சீராக ஏறாது. வெந்நீர் பட்ட ஜெலட்டினும் ஊறி இளகி, நகம் பட்டாலே கீறிக்கொள்ளும். எனவே வாளித் தண்ணீரில் ஐஸ் கட்டியைப் போட்டு, அதற்குள் ரசாயனப் பாட்டில்களை நிறுத்தி, தெர்மாமீட்டரைப் பார்த்தபடி காத்திருப்பது இந்தப் பக்கத்து வழக்கம். ஐஸை டெவலப்பரிலேயே போட்டால் நீர்த்துவிடும். உப்புத் தண்ணீர் ஊர்களில் கடைசி அலசலுக்கு வடிகட்டிய நீர் வேண்டும், இல்லாவிட்டால் காய்ந்தபின் வெள்ளைத் திட்டுகள் மிஞ்சும். கையுறை போட்டுக்கொள்வதும், இந்தப் பாத்திரங்களைச் சமையலறைப் பக்கமே விடாமல் இருப்பதும், வெள்ளி கரைந்த பழைய ஃபிக்ஸரைக் கிணற்றடியில் கொட்டாமல் இருப்பதும் முக்கியம். மெட்டால் சிலருக்குத் தோலில் கடும் அரிப்பைத் தரும்.

1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலை சமவெளியில் அமையவில்லை, குளிர்ந்த ஊட்டியில் அமைந்தது. அங்கிருந்து வந்த ஃபிலிமுக்கு ‘இந்து’ என்று பெயர். இந்து என்றால் சந்திரன். ஃபிலிமின் மூலப்பொருளான வெள்ளிக்கு மேலைநாட்டு ரசவாதிகளும் சந்திரனைத்தான் அடையாளமாக வைத்திருந்தார்கள்.

இனி வழக்குக்குத் திரும்பலாம். இந்த வழக்குக்கான சாட்சி தத்துவ நூலிலிருந்து வரவில்லை. இங்கிலாந்தில் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் முதலில் எடுத்த படங்கள் கேமராவுக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியும்படி கறுத்தவை. அதற்கு மிக நீண்ட நேரம் வெளிச்சம் தேவைப்பட்டது. 1840 செப்டம்பரில், சிறிது நேரமே வெளிச்சம் பட்டு வெறுந்தாளாகத் தெரிந்த ஒரு தாளில் காலிக் அமிலமும் சில்வர் நைட்ரேட்டும் கலந்த கரைசல் பட, கண்ணெதிரே படம் எழுந்து வந்ததைக் கண்டார். வெறுந்தாள் வெறுந்தாளாக இல்லை. பிரான்சில் டகேர் சில ஆண்டுகளுக்கு முன்பே, பாதரச ஆவியால் வெள்ளித் தகட்டில் இதே வித்தையைக் கண்டிருந்தார். ஃபோட்டோகிராஃபியின் வரலாற்றில் கேமராவைவிடப் பெரிய கண்டுபிடிப்பு இதுதான் என்று சொன்னால் தவறில்லை. கண்ணுக்குப் புலப்படாத ஒரு படம் உண்டு என்பது அன்று தெரியவந்தது.

இதற்கு நேர் எதிரான துக்கம் ஒன்றும் அதற்கு முன்பே நடந்திருந்தது. 1802இல் தாமஸ் வெட்ஜ்வுட், ஹம்ஃப்ரி டேவி இருவரும் வெள்ளி உப்புப் பூசிய தாளிலும் தோலிலும் இலைகளின் உருவங்களைப் பதித்துக் காட்டினார்கள். உருவம் தெரிந்தது, நிற்கவில்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒளித்து ஒளித்துப் பார்க்கவேண்டியிருந்தது. பகலில் எடுத்தால் தாள் முழுதும் கறுத்தது. ஒளி தந்ததை ஒளியே விழுங்கியது. ஹைப்போ என்ற ரசாயனம் வெள்ளி உப்பைக் கரைக்கும் என்று ஜான் ஹெர்ஷல் 1819இலேயே கண்டு எழுதியிருந்தும், அது படத்துக்கு வந்து சேர்ந்தது 1839இல்தான். இன்று குளியலறையில் டேங்குக்குள் ஊற்றும் ஃபிக்ஸர் அந்த ஹைப்போவின் வாரிசு. நேராகப் பார்த்தால், ‘கழுவுதல்’ என்ற சொல்லுக்குப் பொருந்துவது இந்த ஃபிக்ஸர் ஒன்றுதான். அது ஒளி படாத வெள்ளி உப்பைக் கரைத்துக் கொண்டுபோகிறது. அதற்கு முன்னால் வரும் டெவலப்பர் எதையும் நீக்குவதில்லை. அப்படியானால் அது என்ன செய்கிறது?

1938இல் ரொனால்டு கர்னி, நெவில் மாட் என்ற இரு இயற்பியலாளர்கள் இதற்கு விளக்கம் தந்தார்கள். ஃபிலிமில் இருப்பவை கோடிக்கணக்கான வெள்ளி உப்பு மணிகள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு, ஆனால் அதற்குள் நூறு கோடி அளவில் வெள்ளி அயனிகள். ஷட்டர் திறந்த கணத்தில் ஒளி மணிக்குள் எலெக்ட்ரானை விடுவிக்கிறது. அது மணியில் பழுதான ஒரு புள்ளியில் சிக்கி, அங்கே வெள்ளி அயனியை இழுத்து வெள்ளி அணுவாக்குகிறது. சுமார் நான்கு அணு சேர்ந்தால் போதும், அந்த மணி டெவலப்பருக்குத் தயார். நூறு கோடியில் நான்கு. பிறந்தநாள் குழந்தையின் முகம் என்று சொல்லப்பட்டது இந்த நான்குகளின் கூட்டம். டெவலப்பர் வந்து அந்த நான்கு அணுவின் வழியே மணிக்குள் எலெக்ட்ரான்களைச் செலுத்துகிறது. மணி முழுதும் வெள்ளியாகி, மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் கறுப்பு நூல்சிக்கலாகத் தெரிகிறது.

சற்காரிய வாதி இங்கே எழுந்து நிற்பார். டெவலப்பர் சாயம் எதையும் கொண்டுவரவில்லை, மையைப் பூசவில்லை. நெகட்டிவில் கறுப்பாகத் தெரியும் ஒவ்வொரு துளி வெள்ளியும் தொழிற்சாலையில் பூசிய அன்றே ஃபிலிமில் இருந்தது. மண் குடமானதுபோல வெள்ளி உப்பு வெள்ளியானது, இல்லாதது எதுவும் வரவில்லை என்பார். இந்த அளவில் அவர் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை.

நியாயக்காரரும் விடமாட்டார். வெள்ளி இருந்தது, சரி, குழந்தை இருந்ததா? அந்த ரோல் ஷட்டர் திறக்கும் முன் குழந்தைக்கும் தயார், குப்பைத்தொட்டிக்கும் தயார். எந்த முகமும் அதில் இல்லை. நொடியில் 125இல் ஒரு பங்கு நேரத்தில், வெளியிலிருந்து வந்த ஒளி அதில் இல்லாத ஒன்றை உண்டாக்கியது. அதுவரை அந்தப் படத்துக்கு முன்னபாவம்தான் என்பார். இதையும் தள்ள முடியாது.

இருவரும் சரியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், குடத்தில் இல்லாத ஒரு வசதி ஃபிலிமில் இருப்பது. குயவரின் சக்கரத்தில் குடம் உண்டாவதும் தெரிவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. விரல் அழுத்தும்போதே வாய் விரிகிறது, விரிவது கண்ணில் படுகிறது. அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வழியில்லாததால்தான் வாதம் நூற்றாண்டுக் கணக்கில் ஓடியது. ஃபிலிம் இரண்டையும் வெட்டிப் பிரித்துவிட்டது. உண்டாவது ஷட்டரில், தெரிவது டேங்கில். நடுவே ஒரு வாரம் போகலாம், முப்பது வருடமும் போகலாம். நியாயக்காரரின் வாதம் ஷட்டரில் செல்லும், சித்தாந்தியின் வாதம் டேங்கில் செல்லும்.

இதோடு முடித்துக்கொண்டால் இருவருக்கும் ஆளுக்குப் பாதி என்று பஞ்சாயத்து செய்ததாகிவிடும். ஆனால் ரசாயனம் இன்னும் ஒரு கேள்வியை மிச்சம் வைத்திருக்கிறது, அது இருவரையுமே சங்கடப்படுத்துகிறது. ஒளி பட்ட மணியை டெவலப்பர் கறுப்பாக்கும், படாததை விட்டுவிடும் என்று பாடப்புத்தகம் சொல்வது முழு உண்மை அல்ல. படாத மணியையும் அது கறுப்பாக்கும், மெதுவாக. நீண்ட நேரம் விட்டுவைத்தால் ரோல் முழுதும் மூட்டம் கவிந்து கருகிப்போகும். அந்த நான்கு அணு செய்வதெல்லாம் வேகத்தைக் கூட்டுவதுதான். அப்படியானால் வெள்ளிக்குள் முன்பே அடங்கியிருந்தது குழந்தையின் முகம் அல்ல, முழுக் கறுப்பு. முகம் என்பது எந்த மணி முந்தும், எந்த மணி பிந்தும் என்ற வரிசை. அந்த வரிசை தெளிவாகத் தெரியும் ஏழரை நிமிடத்தில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து, டெவலப்பரைக் கொட்டி, நிறுத்துக் கரைசலை ஊற்றவேண்டும். ஊற்றத் தவறினால் படமே இல்லை. குயவர் குடத்தை வனைகிறார். இங்கே நிமித்த காரணமானவர் வனைவதில்லை, நேரம் பார்த்து நிறுத்துகிறார்.

இந்த இடத்தில் சித்தாந்தத்துக்குள்ளேயே இருக்கும் இன்னொரு கருத்துக்குப் போவதுதான் சரியாகப் படுகிறது. சற்காரியத்தைவிட அது இங்கே ஆழமாகப் பொருந்துகிறது. அது பக்குவம். இறைவன் அருள் எல்லா உயிர் மேலும் ஒன்றாகவே விழுகிறது, உயிர்கள் ஒன்றாக விழிப்பதில்லை. ஒரே கதிரவன்தான், பக்குவப்பட்ட மொட்டு முதலில் விரிகிறது. மலபரிபாகம், அதாவது உயிரைப் பிணித்த மலம் பழுத்து நீங்கும் நிலை, நேர்ந்த உயிரில் அருள் பதிவதைச் சத்திநிபாதம் என்பார்கள், அதை நான்காகப் பிரிப்பார்கள்: மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம். நான்குமே வேகத்தின் பெயர்கள். கிடைக்குமா கிடைக்காதா என்ற பிரிவாக இல்லாமல் எவ்வளவு விரைவில் என்ற பிரிவாக இருப்பது கவனிக்கவேண்டியது. டேங்குக்குள் டெவலப்பர் எல்லா மணியையும் ஒன்றாகவே நனைக்கிறது. பழுத்த மணி முந்திக்கொள்கிறது, பழுக்காதது தாமதிக்கிறது. ஃபிலிம் தயாரிப்பவர்களும் வெள்ளி உப்புக் குழம்பைச் சூட்டில் வைத்து ஒளிக்குக் கூசும் திறனை ஏற்றுவதைப் ‘பழுக்கவைத்தல்’ என்ற பொருளில்தான் தங்கள் மொழியில் சொல்கிறார்கள். அந்தப் பழுத்தலுக்கு ஜெலட்டினில் இருக்கும் துளிக் கந்தகம் காரணம் என்று 1920களில் கோடாக் ஆய்வாளர் சாமுவேல் ஷெப்பர்டு கண்டுபிடித்தார். ஜெலட்டின் மாட்டுத் தோலிலும் எலும்பிலும் இருந்து வருவது. கந்தகம் அந்த மாடுகள் மேய்ந்த கடுகுவகைச் செடிகளிலிருந்து வந்தது.

இருட்டறையை வைத்து இறைவனின் ஐந்தொழிலையும் சொல்லிவிடலாம் என்று சிலருக்குத் தோன்றும். டெவலப்பர் படைத்தல், ஃபிக்ஸர் காத்தல், இப்படி. அது அழகாக அமையும், ஆனால் எதையும் விளக்காது. பக்குவம் விளக்குகிறது. ஃபிலிமில் படம் எப்படி இருக்கிறது என்ற கேள்விக்கு, முந்துவதற்கான ஆயத்தமாக இருக்கிறது என்ற பதில் அதிலிருந்து கிடைக்கிறது. அந்த ஆயத்தம் வெறும் சொல் அல்ல; நான்கு வெள்ளி அணு அளவுக்குப் பருப்பொருள்.

பருப்பொருள் என்பதால் அது அழியவும் அழியும். சூட்டிலும் ஈரத்திலும் அந்தச் சிறு வெள்ளிப் புள்ளிகள் மறுபடி அயனிகளாகக் கரைந்துபோகும். சித்தாந்தியாக இருந்தால் ஒடுங்கியது என்று சொல்லலாம். பேன் எஃப் பிளஸ் என்ற ஃபிலிமைப் படம் எடுத்தபின் மூன்று மாதத்துக்குள் கழுவிவிடுவது நல்லது என்று அதன் தயாரிப்பாளரே சொல்கிறார். பரணில் பத்துக் கோடை கண்ட ரோலில் கிடைப்பது பல சமயம் மூட்டமும் நிழலும்தான். யாரும் பாராமலே உண்டாகி, யாரும் பாராமலே ஒடுங்கிய படங்கள் உலகில் எத்தனை லட்சம் இருக்குமோ.

குளிரில் நிலைமை வேறு. 1897 ஜூலை 11 அன்று சுவீடனைச் சேர்ந்த ஆந்த்ரே, ஸ்ட்ரிண்ட்பெர்க், ஃபிரேங்கெல் மூவரும் ஹைட்ரஜன் பலூனில் வடதுருவத்தை நோக்கிப் புறப்பட்டார்கள். மூன்றே நாளில் பலூன் பனிக்கட்டியில் விழுந்தது. மூவரும் மாதக்கணக்கில் பனியில் நடந்து, குவிட்டோயா என்ற தீவில் இறந்தார்கள். 1930இல் அடுத்தடுத்து அங்கே சென்ற கப்பல்கள் அவர்கள் உடல்களையும் நாட்குறிப்புகளையும் ஸ்ட்ரிண்ட்பெர்க்கின் ஃபிலிம்களையும் கண்டன. 33 ஆண்டு ஈரத்திலும் உறைபனியிலும் கிடந்த ஃபிலிம்கள். ஸ்டாக்ஹோமில் ஜான் ஹெர்ட்ஸ்பெர்க் என்பவர் அவற்றைக் கழுவினார். சுமார் 240 படங்களில் 93 மீண்டன. ஒரு படத்தில், சரிந்து கிடக்கும் பலூனை இருவர் நின்று பார்க்கிறார்கள், எடுத்தவர் மூன்றாமவர். அந்த இருவரின் கறுத்த உருவங்களை மூவரில் யாருமே ஃபிலிமில் பார்த்ததில்லை. எடுத்தவர் இறந்து, நினைவு அழிந்த பிறகும் சில வெள்ளி அணுக்கள் தம் முறை வரக் காத்திருந்தன. படம் ஃபிலிமில் இல்லை, ஹெர்ட்ஸ்பெர்க்தான் உண்டாக்கினார் என்று இந்த 93 படங்களுக்கு முன்னால் நின்று யாரும் சொல்லத் துணியமாட்டார்கள்.

அதைவிடப் பெரிய வழக்கு ஒன்று இன்னும் தீராமல் நிற்கிறது. 1924 ஜூன் 8 அன்று எவரெஸ்டின் உச்சியை நோக்கிச் சென்ற ஜார்ஜ் மலோரி, ஆண்ட்ரூ இர்வின் இருவரும் திரும்பவில்லை. அவர்கள் உச்சியைத் தொட்டார்களா என்பது நூறு வருடக் கேள்வி. மலோரி கையோடு ஒரு சின்னக் கோடாக் கேமரா கொண்டுபோனார். அதைக் கொடுத்தவர் சக ஏற்றக்காரரான டாக்டர் ஹவர்டு சாமர்வெல். தமிழர்கள் இவரை அறியவேண்டும். 1922 எவரெஸ்ட் பயணத்துக்குப் பிறகு இந்தியாவைச் சுற்றிவந்தபோது, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூரில் மிஷன் மருத்துவமனையின் நெருக்கடியைப் பார்த்துவிட்டு, லண்டனில் காத்திருந்த பெரிய வேலையை உதறி, நெய்யூரிலேயே தங்கிவிட்டவர். இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த ஊர் மக்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார், பிறகு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் கற்பித்தார். 1924இல் மலோரிக்கு நான்கு நாள் முன்பு அவரே உச்சிக்குக் கீழே 8,500 மீட்டரை ஒட்டி நின்று, தனக்கு மேலே போய்க்கொண்டிருந்த நார்ட்டனைப் படமெடுத்தார். அந்தப் படம் கழுவப்பட்டு உலகம் பார்த்தது. மலோரிக்குத் தந்த கேமராவின் படத்தை யாரும் பார்க்கவில்லை.

1999 மே 1 அன்று மலோரியின் உடல் கிடைத்தது. கேமரா இல்லை. 2024இல் இர்வினின் பெயர் தைத்த காலுறையோடு ஒரு பாதம் மலையடிப் பனியாற்றில் கிடைத்தது. கேமரா இல்லை. அது கிடைத்தால், குளிர் காப்பாற்றியிருக்கக்கூடும் என்பதால், அச்சிடத்தக்க படம் வர வாய்ப்புண்டு என்று கோடாக் வல்லுநர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கேமராவுக்குள் உச்சியின் படம் இருக்கலாம், பாதி வழியில் எடுத்த பாறையின் படம் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். ஆனால் எது இருக்கிறதோ அது 1924 ஜூன் 8 அன்றே முடிவாகிவிட்டது. நாளை அதைக் கழுவப்போகிறவர் எவ்வளவு கெட்டிக்காரரானாலும் உச்சியைப் பாறையாக்கவோ பாறையை உச்சியாக்கவோ முடியாது. கெடுக்க மட்டும் முடியும். கிடைத்த ஆர்வத்தில் மலையிலேயே யாராவது பின்மூடியைத் திறந்தால் போதும்.

இதே அச்சம் சிறிய அளவில் ஒவ்வொரு குளியலறையிலும் உண்டு. அமெரிக்கப் புகைப்படக்காரர் கேரி வினோகிராண்டு எடுத்த ரோல்களை உடனே கழுவமாட்டார். எடுத்தபோது இருந்த மகிழ்ச்சி படத்தை மதிப்பிடும் கண்ணை மறைக்கும் என்று, ஒரு வருடம் போலக் கிடப்பில் போட்டு, நினைவு மங்கிய பிறகே பார்ப்பார். 1984இல் அவர் இறந்தபோது சுமார் 2,500 ரோல்கள் கழுவாமலே கிடந்தன. முதல் ரோலோடு குளியலறையில் நிற்பவருக்கு அவ்வளவு பொறுமை இருக்காது, இருக்கவும் வேண்டாம்.

ஃபிக்ஸரைக் கொட்டி, முதல் அலசல் முடிந்ததும் டேங்கைத் திறக்கலாம். ரீலிலிருந்து ஈரமாக, வழுவழுப்பாக, சொட்டச் சொட்ட ஒன்றரை மீட்டர் ஃபிலிம் வெளியே வரும். டியூப்லைட்டை நோக்கித் தூக்கிப் பிடித்தால் வெள்ளைச் சட்டை கறுப்பாக, கறுப்பு முடி வெள்ளையாக, வானம் இருட்டாகத் தெரியும். பிறந்தநாள் குழந்தை இருக்கிறது. பாட்டி இருக்கிறார். கேக்கை வெட்டும் கை கொஞ்சம் ஆடியிருக்கிறது. இருபதோ இருபத்தொன்றோ என்னும் கட்டத்தில் ஒரு ஜன்னல், அதன் கம்பியில் காயும் துண்டு, பின்னால் யாருடைய தோளோ. எடுத்தவருக்கு அதை எடுத்த நினைவே இல்லை. யார் தோள் என்று வீட்டில் எல்லாரையும் கேட்டுப் பார்ப்பார். இரண்டு துணிக் கிளிப்பை மாட்டி, ஷவர் கம்பியில் தொங்கவிட்டு, தூசி பறக்காமல் கதவைச் சாத்திவிட்டு, காயும்வரை வெளியே காத்திருப்பார்.